முட்டுக்கட்டை எழுதும் மடல்

ஞாயிறு மாலை நடைக் கூட்டத்து அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

போன ஞாயிறு ராத்திரி ஏழே முக்காலுக்கு நான் நம் நடை முடிகிற மதுரை விளக்குத்தூண் ஜிகர்தண்டா கடைக்கு வந்து சேர்ந்தேன். நீங்கள் ஏழு பத்துக்கே வந்துவிட்டீர்கள் என்று பிறகு தெரிந்தது. கடை வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் மிச்சம். அவர்கள் கையிலும் தம்ளர் இல்லை, வண்டிச் சாவி இருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு தம்பி, "அய்யா, உங்களுக்கு ஸ்பெஷல் சொல்லி வாங்கி வச்சுட்டோம்" என்று தம்ளரை நீட்டினார். பாசமான பிள்ளை, அவர்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தத் தம்ளர் அரை மணி நேரமாகக் கல்லாப்பெட்டி ஓரத்தில் வெக்கையில் நின்றிருக்கிறது. மேலே வைத்த ஐஸ்கிரீம் உருகிப் பாலோடு பாலாகி, பாசந்தி ஆடை தனியே மிதந்து, அடியில் பிசின் மட்டும் அசையாமல் கிடந்தது. குடித்தேன். இனிப்பாக இருந்தது. ஜிகர்தண்டா என்று அதைச் சொல்ல மாட்டேன்.

இதற்கா ஒரு மடல் என்பீர்கள். இதற்கும்தான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மண்டியில் முப்பத்தோரு வருசம் கணக்கு எழுதினவன் நான். இடது முழங்கால் தேய்ந்துபோனதால் டாக்டர் நடக்கச் சொன்னார். எவ்வளவு வேகமாக என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மீனாட்சி கோயிலைச் சுற்றியிருக்கிற மாசி வீதி நாலையும் சுற்றி வருகிற இந்த நடையை நாம் ஏழு பேராக ஆரம்பித்த நாளிலிருந்து வந்துகொண்டிருக்கிறேன். இப்போது நாற்பதைத் தொடுகிறோம். சந்தோஷம்தான். ஆனால் நாற்பது ஆனதிலிருந்து கூட்டத்துக்கு ஒரு அவசரம் பிடித்துக்கொண்டது. கைக்கடிகாரத்தில் எத்தனை காலடி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிசம், போன வாரத்தைவிட எவ்வளவு முன்னேற்றம் என்று பேச்சு. ரயில்வே ஸ்டேஷனில் கிளம்பும்போதே முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவில் ஒரு சிக்னல் விழுந்துவிடுகிறது.

அன்றைக்குக் கடை வாசலில் மூன்று யோசனைகள் வந்தனவாம். அடுத்த மாதத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவது. பத்துத்தூண் சந்தில் நெரிசல் என்பதால் அதை விட்டுவிடுவது. வண்டி நிறுத்த வசதியாக, விளக்குத்தூணுக்குப் பதில் ஏதாவது மாலில் இருக்கிற ஏசி ஐஸ்கிரீம் பார்லரில் முடித்துக்கொள்வது. மூன்றுக்கும் என் ஓட்டு இல்லை. ஏன் என்று சொல்லவே எழுதுகிறேன்.

மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் வயிற்றைத் தொடுகிற விசயம்.

ஜிகர்தண்டாவை எத்தனையோ தடவை குடித்திருப்பீர்கள். போடுவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? பாதாம் பிசினை முந்தின ராத்திரியே ஊறப் போட்டிருப்பார்கள். கையில் எடுத்தால் கல்கண்டுத் துண்டு மாதிரி இருக்கிற சாமான், விடிந்து பார்த்தால் பாத்திரம் நிறைய ஊதிப்போய்க் கண்ணாடி மாதிரி பளபளக்கும். தனக்கென்று ஒரு ருசியும் கிடையாது. நாக்கில் வழுக்கிப் போகிற அந்தக் குளிர்ச்சிக்காகத்தான் அதைச் சேர்ப்பது. முதலில் அது ஒரு கரண்டி, கூடவே கடற்பாசி. அதன்மேல் நன்னாரி சர்பத். பிறகு மணிக்கணக்காகக் காய்ச்சிக் குறுக்கி ஆறவைத்த பால், இளஞ்சிவப்பா பழுப்பா என்று சொல்ல முடியாத ஒரு நிறத்தில். பாசந்தி கொஞ்சம். கடைசியாகத்தான் ஐஸ்கிரீம் உருண்டை, அதுவும் பால் காய்ந்த வாசனையோடு. போடுகிற ஆள் நம்மைப் பார்க்கவே மாட்டார். கை மட்டும் பானை பானையாகப் போய்வரும்.

வாங்கின கையோடு ஸ்பூனைப் போட்டு அரைகுறையாகக் கலக்க வேண்டும். முழுக்கக் கலந்தால் கெட்டது. ஒரு வாயில் பிசின், ஒரு வாயில் நன்னாரி, ஒரு வாயில் பாதி உருகின ஐஸ் என்று மாறி மாறி வர வேண்டும். இதற்கு நான் கொடுக்கிற ஆயுசு ஐந்து நிமிசம், சித்திரை வெயில் காலத்தில் மூன்று. ஜிகர் என்றால் நெஞ்சு, ஈரல் என்று உருதுக்காரர்கள் சொல்வார்கள், தண்டா என்றால் குளிர்ச்சி. நெஞ்சு குளிர வேண்டுமென்றால் நெஞ்சு முதலில் கொதித்திருக்க வேண்டுமில்லையா? நாலரை மணி வெயிலில் கிளம்பி, சட்டை முதுகோடு ஒட்டி, கீழமாசி வீதி மிளகாய் வத்தல் நெடியில் நாலு தும்மல் தும்மி வந்தவனுக்குத்தான் அந்தத் தம்ளர். ஏசியில் உட்கார்ந்து கார்டைத் தேய்த்துச் சாப்பிட எத்தனையோ நல்ல ஐஸ்கிரீம் இருக்கிறது, பேத்தியோடு நானும் போவேன். அதற்கு மாசி வீதியைச் சுற்றிவிட்டுப் போக வேண்டியதில்லை.

இடத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. நாம் தம்ளரோடு நிற்கிற கீழமாரட் வீதிப் பக்கம் ஒரு காலத்தில் கோட்டைச் சுவர் போன பாதை. 1830, 40களில் இங்கே கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், ஊர் நெரிகிறது என்று சுவரை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். இடித்துத் தூர்க்கிறவர்களுக்கே அந்த நிலம் என்று சொன்னதும் வேலை நடந்துவிட்டதாம். நம்ம ஊர் ஆட்களைத் தெரிந்து வைத்திருந்த மனுசன். வெளிவீதிகள் வந்தது அப்படித்தான். அளந்து கொடுத்த சர்வேயர் மாரட் பேரில் ஒரு வீதி, வேலையைப் பார்த்த பெருமாள் மேஸ்திரி பேரில் ஒரு வீதி. கலெக்டருக்கு நன்றியாக நட்டது அந்த விளக்குத்தூண். கலெக்டர், சர்வேயர், மேஸ்திரி மூன்று பேரும் ஊருக்குள் பேராக நிற்கிறார்கள், இதில் எனக்குப் பிடித்தது மேஸ்திரி பேரும் நிற்பதுதான்.

இதை நான் யாருக்குச் சொன்னேன் தெரியுமா? நம் கூட்டத்தில் வருகிற ஒரு பாப்பாவுக்கு. ஒன்பது வயசு. அவள் அப்பா முன்வரிசை ஆள். அவளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாததால் என்னோடு பின்னால் வருகிறாள். ஆக, கடைசி வரிசையில் நான் தனி ஆள் இல்லை.

மேலமாசி வீதியில் காந்தி தங்கின வீட்டுக்கு முன்னால் நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். நாங்கள் வந்தபோது வாசல் காலியாக இருந்தது. 1921 செப்டம்பர் 22ஆம் தேதி அந்த வீட்டு மாடியில் இருந்துதான் அவர் வேட்டி சட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அரைத்துண்டோடு இறங்கி வந்தார் என்றேன். பாப்பா மாடியையே பார்த்துக்கொண்டு, "ஒரே நாள்லயா தாத்தா? அதுக்கப்புறம் குளிரலையா அவருக்கு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இங்கிலாந்துக்கும் அப்படியேதான் போனார் என்றேன். அங்கேயிருந்து வடக்குமாசி வீதி திரும்புகிற வரை ஒன்றும் பேசாமல் வந்தாள்.

கீழமாசி வீதிக்குள் நுழைந்தால் என் கதை வேறு. அதை ஒப்புக்கொள்கிறேன். பத்துக் கடைக்கு ஒரு கடையில் எனக்குத் தெரிந்த முகம். "வாங்கண்ணே, என்ன ஆளையே காணோம்" என்று ஆரம்பித்தால் தேங்காய் விலை, சீரக விலை, யார் பையன் அமெரிக்கா போனான் என்பது வரை முடிக்காமல் விட மாட்டார்கள். அந்தப் பத்து நிமிசம் என் முழங்காலால் ஆன தாமதம் இல்லை, என் வாயால் ஆனது. கணக்கில் என் பற்று. ஆனால் நீங்கள் அந்த வீதியைக் கடக்கிற விதமும் எனக்குப் புரியவில்லை. லோடுமேன் ஒருவர் முதுகில் சிப்பத்தை ஏற்றிக்கொண்டு "ஓரம், ஓரம்" என்று வரும்போது, காதில் மாட்டியிருக்கிறதைக் கழற்றாமல் அவர் குறுக்கே போகிறீர்கள். அவருக்கு நிற்க முடியாது. முதுகில் சுமை ஏறிவிட்டால் நிற்பதுதான் நடப்பதைவிடக் கஷ்டம். ஒருவர் என்னிடமே, "உங்க ஆளுகளா அண்ணே, ஏதோ ரேசா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

பத்துத்தூண் சந்தைச் சொல்ல வேண்டும். திருமலை நாயக்கர் கட்டின அரண்மனையில் இன்று மகால் என்று நாம் பார்ப்பது மிச்சம் மீதிதான். அரண்மனை எவ்வளவு தூரம் விரிந்து கிடந்தது என்று தெரிய வேண்டுமானால் மகாலுக்கு டிக்கெட் எடுப்பதைவிட இந்தச் சந்துக்குள் போகலாம். ஜவுளிக்கடைகளுக்கும் வீடுகளுக்கும் நடுவில் பத்துத் தூண்கள், மேலே கூரை ஒன்றுமில்லாமல். அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். முன்னால் பார்த்தால் நைட்டியும் உள்பாவாடையும்தான் தொங்கும். வேகமாக நடக்கிறவர் அண்ணாந்து பார்க்க முடியாது, தடுக்கி விழுவார். அதனால்தான் அந்தச் சந்து உங்களுக்கு வெறும் நெரிசலாகப் படுகிறது.

போன மாதம் அந்தப் பக்கம் ஒரு திண்ணையில் சௌராஷ்டிரப் பாட்டி ஒருவர் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கண் துணியில் இல்லை, வீதியில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். விரல் தானாகத் துணியைக் கிள்ளி எடுத்து நூலைச் சுற்றி இறுக்கி அடுத்த புள்ளிக்குப் போய்விடுகிறது. முடிச்சுக்குள் சாயம் போகாது, அவிழ்த்தால் அது வெள்ளைப் புள்ளி. ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் போட வேண்டும். பாப்பா ஒன்று போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். பாட்டி ஓரத்துத் துணியில் இடம் கொடுத்தார். மூன்று தடவை நழுவி நாலாவது நின்றது. "இது சாயத்துல அவுந்துரும், பரவாயில்ல, இருக்கட்டும்" என்றார். அந்தச் சேலை எந்த ஊரில் யார் இடுப்பில் ஏறியதோ. எங்களுக்கு இதில் பன்னிரண்டு நிமிசம் போனது.

இதெல்லாம் உங்களுக்கும் கிடைத்திருக்க வேண்டியது என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னொன்று, இது கொஞ்சம் வருத்தமானது. மண்டிக்காரன் புத்தி, யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். ஒரு மதினி முதல் ஐந்து ஞாயிறும் தவறாமல் வந்தவர். பிறகு காணோம். ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். பூக்கடையில் எதேச்சையாகப் பார்த்தபோது கேட்டேன். மல்லிகையை முழம் போடுவதையே பார்த்துக்கொண்டு, "நான் வந்தா உங்களுக்கெல்லாம் லேட்டாகுதுல்ல தம்பி, அதான்" என்றார். யாரும் அவரிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்ல வேண்டியதே இல்லை. அரை வீதி முன்னால் போய் நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அவர் வந்து சேர்ந்த அதே நொடியில் "சரி, போலாமா" என்று திரும்பி நடந்தால் போதும். நின்றவர்களுக்கு இளைப்பாறல் கிடைத்தது, வந்தவருக்குக் கிடைக்கவில்லை. களைப்பாக இருக்கிற ஆளுக்கே ஓய்வு இல்லை என்றால் அது என்ன கணக்கு? அவரைப் போல இன்னும் மூன்று பேர் என் நோட்டில் இருக்கிறார்கள். பேர் எழுத மாட்டேன்.

நம் வீதிகளிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. சித்திரைத் தேர் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. பேர் பொருந்தவில்லையே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றிவிட்டார், வீதிக்கு மட்டும் பழைய பேர் நின்றுவிட்டது என்பார்கள். அது இருக்கட்டும். தேர் ஓடும்போது எல்லார் கண்ணும் வடம் பிடிக்கிறவர்கள் மேல். நீங்கள் ஒரு வருசம் சக்கரத்துப் பக்கம் நின்று பாருங்கள். கையில் கட்டையோடு சில பேர் சக்கரத்தை ஒட்டியே நடப்பார்கள். தேர் வேகம் எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுப்பார்கள். முனை வந்தால் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அந்த அசுர கனம் வீதி முனையில் திரும்புவது அவர்கள் கையால். இழுப்பதற்கு ஆயிரம் பேர் வருவார்கள், கட்டை போடுகிறவர்கள் அமைவது கஷ்டம். அதற்குப் பேர் முட்டுக்கட்டை. நம் பேச்சில் அது ஏனோ திட்டாகப் போய்விட்டது. என்னை யாரோ குழுவில் சிரிப்புப் பொம்மையோடு அப்படிக் குறிப்பிட்டிருந்தீர்கள். கோபப்படவில்லை. அந்த வேலையை எனக்கே கொடுங்கள் என்று கேட்கிறேன்.

அதாவது, வரும் ஞாயிறு முதல் மெதுவாக நடக்கிறவர்கள் முன்னால் போகட்டும். மலை ஏறுகிற கூட்டங்களில் இப்படிச் செய்வது உண்டு. நானும் பாப்பாவும் முன்னால், திரும்பி வர ஒத்துக்கொண்டால் மதினியும். வேகமானவர்களுக்குக் கால் துறுதுறுக்கும், தெரியும். அவர்கள் வேண்டுமானால் நாலு மணிக்கே வந்து வெளிவீதியை ஒரு சுற்று ஓடிவிட்டு வரட்டும், காலடிக் கணக்குக்குக் காலடியும் ஆச்சு. முனைக்கு முனை நிற்போம், கடைசி ஆள் வந்த பிறகு மூன்று நிமிசம். தண்ணீர் குடிக்க, உட்கார. கழிப்பறை எங்கே இருக்கிறது என்று வழியைப் போடும்போதே பார்த்து வையுங்கள். பெண்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், அடுத்த வாரம் வராமல் இருந்துவிடுவார்கள்.

கடையில் கடைசி ஆள் வந்த பிறகுதான் சொல்ல வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாற்பது தம்ளரை மொத்தமாகச் சொன்னால் கடைக்காரருக்குக் கஷ்டம் என்று ஒரு தம்பி சொன்னார், நியாயம்தான். பத்துப் பத்தாகச் சொல்வோம். முதல் பத்து யாருக்கு என்று நான் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். தம்ளரை வாங்கினால் கடை வாசலை அடைக்காமல் ஓரமாக நிற்க வேண்டும், நம்மைத் தவிரவும் ஊரில் ஜனங்கள் இருக்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள் பாதித் தம்ளர் வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். நான் அப்படித்தான் செய்வதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்றரை மணி நேரம் என்பதைப் பற்றி. நேரத்தில் வீடு திரும்ப வேண்டியவர்கள் இருக்கிறார்கள், திங்கட்கிழமை வேலை இருக்கிறது, இருட்டினால் பிள்ளைகளோடு வண்டியில் போவது பயம். எல்லாம் சரி. அப்படியானால் தூரத்தைக் குறைப்போம். ஐந்தரை கிலோமீட்டர் எதற்கு? மாசி வீதி நாலையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று எந்தச் சாமியும் கேட்கவில்லை. ஒரு வாரம் மேலமாசி, வடக்குமாசி. ஒரு வாரம் கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபம், கட்டி முடியாமல் நின்றுபோன ராயகோபுரம், குளம் போய்ப் பேர் மட்டும் நிற்கிற ஏழுகடல் தெரு. ஒரு வாரம் பத்துத்தூணும் மகாலும். எங்கே ஆரம்பித்தாலும் விளக்குத்தூணில் முடியட்டும். புதுமண்டபத்துக்குள் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த நாட்களில் எனக்குச் சட்டை தைத்தவர்கள், கடைகள் மாறின பிறகு இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். அங்கே நிறுத்தினால் நானே பேசவைக்கிறேன். நேரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மறுப்பு உள்ளவர்கள் குழுவிலேயே எழுதுங்கள், கட்டைவிரலை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல். அமைப்பாளர் தம்பிக்குத் தனியாக ஒன்று. நாற்பது பேரைச் சேர்த்து வாராவாரம் நடத்துவது லேசில்லை, மண்டியில் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மதினி வீட்டுக்கு வெள்ளிக்கிழமை போய் ஒரு வார்த்தை கூப்பிட்டு வரலாம் என்று இருக்கிறேன். உங்களில் யாராவது கூட வந்தால் நல்லது, நான் மட்டும் போனால் கிழவன் தனக்குத் துணை தேடுகிறான் என்று நினைத்துவிடுவார். ஞாயிறு நாலரைக்கு ஸ்டேஷன் வாசல். நான் நாலேகாலுக்கே வந்துவிடுவேன், முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொள்ளக் கொஞ்ச நேரம் வேண்டும். பாப்பாவுக்கு ஒரு தொப்பி எடுத்து வரச் சொல்லுங்கள்.

என் தம்ளரை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கடைசி வரிசைக்காரன்
கீழமாசி வீதி முன்னாள் கணக்குப்பிள்ளை